தக்காளி நாற்றை வெளியே நடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர் சற்றே விலகி, பகலில் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து வெயில் அடித்துவிட்டால் போதும். புதிதாகத் தோட்டம் போடுவோர் வீட்டுக்குள் பொத்திப் பொத்தி வளர்த்த தக்காளி நாற்றுகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். நிழலில் நடக்கூடாது, தண்ணீர் ஊற்ற மறக்கக்கூடாது என்பனவெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. இளவேனிலிலும் உறைபனி எட்டிப் பார்க்கும் இடங்களில், விவரம் அறிந்தவர்களும் செய்கின்ற தவறுகளையே இங்கு எழுதுகிறேன்.

தேதி கடந்துவிட்டது என்பதற்காக நடுவது

என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். கடைசி உறைபனி நாள் என்று அட்டவணைகளில் காணப்படும் தேதி, பெரும்பாலும் பல ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்ட சராசரியே. அப்படியானால், ஏறக்குறைய பாதி ஆண்டுகளில் அந்தத் தேதிக்குப் பிறகும் உறைபனி விழும் என்றுதான் பொருள். அதை உத்தரவாதமாக எடுத்துக்கொண்டு மறுநாளே குழி தோண்டுவோர், பூவா தலையா போட்டுப் பார்க்கிறார்கள்.

உறைபனி விழாமலே போனாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதி. அது வெப்பம் விரும்பும் பயிர். இரவு வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது செடி சாவதில்லை, ஆனால் வளர்வதும் இல்லை. மண் குளிர்ந்திருந்தால் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்கத் திணறும். இலையின் அடிப்புறமும் நரம்புகளும் ஊதா நிறமாக மாறும். அந்த ஊதாவைக் கண்டதும் உரத்தை அள்ளிப் போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. மண்ணில் சத்து இருக்கிறது. அதை எடுக்கும் நிலையில் வேர் இல்லை. மண் சூடேறினால் புதிய இலைகள் தாமாகவே பச்சையாக வரும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், ஒரே தட்டில் முளைத்த நாற்றுகளில் பாதியை அவசரப்பட்டு நட்டுவிட்டு, மீதியை இடம் போதாமல் இரண்டு வாரம் கழித்து நட்டார். முதலில் நட்டவை வெளிறிய இலைகளுடன், நட்ட அன்று இருந்த உயரத்திலேயே நின்றன. பின்னர் நட்டவை கோடையின் நடுவில் அவற்றைத் தாண்டி வளர்ந்து, முதல் பழத்தையும் அவையே தந்தன. ஆனாலும் அடுத்த ஆண்டு அவர் மீண்டும் முந்திக்கொண்டு நட்டார்; அக்கம்பக்கத்தில் முதலில் நட்டவர் என்ற பெருமை பழத்தைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

பார்க்க வேண்டியது நாட்காட்டியை அல்ல, மண்ணை. மண் தெர்மாமீட்டரை நான்கு அங்குல ஆழத்தில் செருகி, காலையில் அளவு பாருங்கள். பிற்பகல் அளவு ஏமாற்றும். தொடர்ந்து சில நாட்கள் 15 அல்லது 16 டிகிரி காட்டி, இரவும் 10 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால் நடலாம். காத்திருக்க மனமில்லாதவர்கள் நடவுக்கு முன்பே கறுப்புப் பிளாஸ்டிக் தாளை மண்ணோடு ஒட்டினாற்போல் விரித்து வைத்தால் மண் விரைவாகச் சூடாகும். வைக்கோல் மூடாக்கு நல்லதுதான், ஆனால் குளிர்ந்த மண்ணின் மேல் அதைப் பரப்பினால் வெயில் மண்ணில் படாமல் தடுத்து, குளிரையே அது காத்து வைக்கும்.

முன்னறிவிப்பு எண்ணை அப்படியே நம்புவது

வானிலை அறிக்கை சொல்லும் வெப்பநிலை தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் அளக்கப்படுவது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுவதால், நாற்று நிற்கும் மட்டத்தில் அதைவிடச் சில டிகிரி குறைந்திருக்கும். ஆகவே 3 டிகிரி என்று அறிவித்த இரவிலும் இலையின் மேல் உறைபனி படியலாம். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அது பள்ளத்தில் தேங்கும். மேட்டில் உள்ள செடி தப்பி, பத்தடி கீழே உள்ளது கருகுவது இதனால்தான்.

அத்தகைய இரவுகளில் பழைய போர்வையோ துணியோ கொண்டு, பொழுது சாயும் முன்பே, விளிம்பு தரையைத் தொடுமாறு மூட வேண்டும். செடியின் தலையில் மட்டும் துணியைச் சுற்றிக் கட்டுவதால் பயனில்லை, ஏனெனில் செடியைக் காப்பது தரையிலிருந்து எழும் வெப்பம். பிளாஸ்டிக் தாளானால் இலையில் படாமல் குச்சி வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். பட்ட இடம் கருகும். காலையில் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

வெளிக்காற்றுக்குப் பழக்காமல் நடுவது

சன்னலோரத்தில் வளர்ந்த நாற்றை ஒரே நாளில் முழு வெயிலில் வைத்தால் இலைகள் வெள்ளைத் திட்டுகளாக வெளுத்து, காகிதம் போல் காய்ந்துவிடும். முதல் நாள் நிழலில் ஓரிரு மணி நேரம் என்று தொடங்கி, ஏழு முதல் பத்து நாட்களில் மெல்ல மெல்ல வெயிலையும் காற்றையும் கூட்டுங்கள்.

நெட்டையான நாற்றை மேலோட்டமாக நடுவது

தக்காளித் தண்டு மண்ணில் புதைந்த இடமெல்லாம் வேர் விடும். எனவே கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாக நடுங்கள். ஆழத்தில் மண் இன்னும் குளிர்ந்திருக்கும் பருவம் என்பதால், மிக நெட்டையான நாற்றை ஆழமற்ற பள்ளத்தில் படுக்க வைத்து, நுனியை மட்டும் நிமிர்த்தி மூடுவது மேல். ஒட்டு நாற்றுக்கு இது பொருந்தாது. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும்.

பூத்த நாற்றைத் தேடி வாங்குவது

வேண்டாம். தண்டு தடித்த, குட்டையான, பூக்காத நாற்று போதும்.

ஊன்றுகோலைப் பிறகு நட்டுக்கொள்ளலாம் என்பது

வேர் அறுபடும். நாற்று நடும் அன்றே ஊன்றிவிடுங்கள்.

கருகியதும் பிடுங்கி எறிவது

உறைபனி பட்ட இலைகள் முதலில் நீர் கோத்தாற்போல் கருத்துத் தொங்கி, பின்னர் காய்ந்துவிடும். அதைக் கண்டு உடனே பிடுங்காமல் தண்டைப் பாருங்கள். அடித்தண்டு பச்சையாகவும் உறுதியாகவும் இருந்தால் ஒரு வாரம் விட்டுவைக்கலாம். இலைக் கணுவிலிருந்து புதிய துளிர் வரக்கூடும். அதன் பிறகு உயிருள்ள பகுதிக்குச் சற்று மேலே வெட்டி, வலுவான துளிர் ஒன்றை முதன்மைத் தண்டாக வளரவிடுங்கள். தண்டும் கருத்துத் துவண்டிருந்தாலோ, ஒட்டு நாற்றில் ஒட்டுக்குக் கீழிருந்து மட்டும் துளிர் வந்தாலோ, புதிய நாற்றை நடுவதைத் தவிர வழியில்லை. அதற்காகச் சில நாற்றுகளை வீட்டுக்குள்ளேயே மிச்சம் வைத்திருப்பது நல்லது.