எத்தனை பேர் வந்தார்கள் என்பது மட்டும் போதுமா? அக்கம்பக்கத் திட்டங்களை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தீபாவளி விருந்து முடிந்ததும், அதை நடத்திய குடியிருப்பாளர் குழுவின் வாட்ஸ்அப்பில் வரும் முதல் கேள்வி "மொத்தம் எத்தனை பேர்?" என்பதுதான். பிரியாணி எத்தனை பொட்டலம் போனது என்று பார்த்து யாராவது ஓர் எண்ணைச் சொல்வார்கள். அறிக்கையிலும் அதுவே ஏறிவிடும்.

அடுத்த ஆண்டு சாப்பாடு எவ்வளவு சொல்வது என்று முடிவு செய்ய அந்த எண் உதவும். ஆனால் மானியம் கேட்டபோது 'அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள' என்றல்லவா எழுதினோம்? அது நடந்ததா என்பதற்கு இதில் பதில் இல்லை. எந்த இனத்தவரும் ஒரே புளோக்கில் குவிந்துவிடாதபடி 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. அதனால் சீனரும் மலாய்க்காரரும் நம் மாடியிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வந்தார்களா, அல்லது எல்லா நிகழ்ச்சிக்கும் வரும் அதே முகங்கள்தானா? வருகைப் பதிவில் இரண்டு கேள்விகளைச் சேர்த்தாலே தெரிந்துவிடும்: எந்த புளோக், இதுதான் முதல்முறையா? அடையாள அட்டை எண் வேண்டாம். சட்டப்படி தேவையில்லாத இடத்தில் அமைப்புகள் அதைக் கேட்டு வாங்கக்கூடாது என்பது 2019 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள விதி. பழைய படிவத்தை அப்படியே நகலெடுத்தால் அந்தக் கட்டமும் கூடவே வந்துவிடும், கவனம்.

கருத்துப் படிவத்தில் நடக்கும் கூத்து வேறு. நிகழ்ச்சி முடிந்து, கையில் அன்பளிப்புப் பையோடு நிற்கும் பாட்டியிடம் தொண்டூழியர் படிவத்தை நீட்டி, "நல்லா இருந்துச்சா ஆன்ட்டி?" என்பார். "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று பாட்டி எல்லா வரியிலும் 'மிக நன்று' கட்டத்தில் டிக் போடுவார். பை கொடுத்த பிள்ளையிடம் வேறு என்னதான் சொல்வார்? நிகழ்ச்சியை நடத்தாத ஒருவர், சில நாள் கழித்து, அவருக்கு வசதியான மொழியில் கேட்டால் விஷயம் வெளிவரும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் ஆக அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடுதான். தமிழில் மட்டும் படிவம் அடித்தால் பேரப்பிள்ளைகள் விட்டுப்போவார்கள், ஆங்கிலத்தில் மட்டும் அடித்தால் பாட்டி.

அடுத்தது, தொடக்க நிலவரத்தைக் குறித்து வைக்காமல் விடுவது. தனியாக வாழும் மூத்தோருக்குக் காலை உடற்பயிற்சி தொடங்குகிறீர்கள் என்றால், முதல் வகுப்புக்கு முன்பே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வாரம் எத்தனை பேரோடு உட்கார்ந்து பேசினீர்கள்?" ஆறு மாதம் கழித்து அதே கேள்வியை அதே ஆட்களிடம் கேளுங்கள். முதலில் கேட்க மறந்துவிட்டால் பிறகு என்ன முயன்றாலும் அந்த எண் கிடைக்காது.

'அதே ஆட்கள்' என்று சொல்லக் காரணம் உண்டு. வீவக வீட்டைக் குறைந்தது 5 ஆண்டு குடியிருந்த பிறகே விற்கலாம் என்பது பொது விதி. அந்தக் காலம் முடிந்ததும் புதுப் பேட்டைகளில் பலர் வீட்டை விற்றுவிட்டுப் போவார்கள். நான்காம் ஆண்டில் ஒரு புளோக்கில் எடுத்த கருத்தாய்வையும் ஏழாம் ஆண்டில் எடுத்ததையும் ஒப்பிட்டால், மனம் மாறியதைப் பார்க்கிறோமா, ஆள் மாறியதைப் பார்க்கிறோமா என்பதே குழப்பமாகிவிடும்.

ஆனால் பெரிய குளறுபடி நடப்பது துணைப்பாட வகுப்புகளில்தான். 'சேர்ந்த பிள்ளைகள் முன்னேறினார்கள்' என்று எழுதுவது சுலபம். ஆனால் எந்த மதிப்பெண்ணை வைத்து? 2020 வரை, தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் PSLE தேர்வின் மதிப்பெண், மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டது, கூடினால் நல்லது. 2021 முதல் பாடத்துக்கு 1 முதல் 8 வரை நிலை, நான்கு பாடமும் சேர்ந்து 4 முதல் 32 வரை, குறைந்தால் நல்லது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் எதுவும் சொல்ல முடியாது. அப்புறம், மிக மோசமான மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் சேர்த்தால் அடுத்த தேர்வில் பலர் கொஞ்சம் ஏறவே செய்வார்கள், வகுப்பே நடக்காவிட்டாலும்! அன்று காய்ச்சலோடு எழுதிய பிள்ளை இன்று நன்றாக எழுதும், அவ்வளவுதான். இடம் கிடைக்காமல் காத்திருப்புப் பட்டியலில் நிற்கும் பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் பெற்றோர் சம்மதத்தோடு வாங்கி, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதியில் நின்றவர்களைக் கணக்கிலிருந்து நீக்காதீர்கள். கடைசிவரை வந்தவர்களை மட்டும் கூட்டினால் எந்த வகுப்பும் வெற்றிதான்.

சரி, இதற்கெல்லாம் ஆள் ஏது என்று கேட்பீர்கள். எல்லாத் திட்டத்தையும் அளக்கத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் யாருக்கு என்ன மாற வேண்டும் என்று தொடங்கும் முன்பே ஒரு வரி எழுதுங்கள். முடிந்த பிறகு பத்துப் பேரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள், நின்றுபோனவர்களையும் சேர்த்து. "இன்னும் வருகிறீர்களா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் மரியாதைக்கு "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக எப்போது வந்தீர்கள்?" என்று கேளுங்கள்.