கொலராடோவில் மலிவு நிலம் வாங்குமுன் நீர் உரிமையைப் பாருங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் இருக்கும் கொஸ்டியா கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நிலம் மலிவாகக் கிடைப்பதால், தற்சார்புப் பண்ணை அமைக்க விரும்பும் பலர் விலையை மட்டுமே பார்த்து வாங்கிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்தான்; அதை எதற்கெல்லாம் பயன்படுத்த உங்களுக்கு உரிமை உண்டு என்பதுதான்.

35 ஏக்கருக்குக் குறைவான மனைகளில் கிணற்று அனுமதி பெரும்பாலும் வீட்டினுள் பயன்படுத்துவதற்கு மட்டுமே தரப்படுகிறது. அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சவோ ஆடு மாடுகளுக்குக் காட்டவோ கூடாது. மழைநீரை நம்பலாம் என்றால், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வீட்டுக்கு இரண்டு பீப்பாய்களில் மொத்தம் 110 கேலன், அதாவது சுமார் 416 லிட்டர் வரைதான் பொதுவாகச் சேமிக்க முடியும். பக்கத்து ஊரான அலமோசாவில் ஆண்டு முழுவதற்கும் பெய்யும் மழையே ஏறத்தாழ 180 மில்லிமீட்டர்தான் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அந்த மனைக்கு எவ்வகை அனுமதி கிடைக்கும் என்று மாநில நீர்வளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் சுமார் 8,000 அடி உயரத்தில் ஜூன் மாதத்திலும் உறைபனி விழக்கூடும் என்பதால், பசுமைக்குடில் இன்றி தக்காளி போன்ற பயிர்களை நம்பி உணவுத் திட்டம் போடுவது ஆபத்து. 2018இல் ஸ்பிரிங் கிரீக் காட்டுத்தீ இப்பகுதியிலும் அடுத்த கவுண்டியிலும் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. மலையடிவார மனையானால் வெளியேற இரண்டு பாதைகள் உண்டா என்று நேரில் ஓட்டிப் பாருங்கள். இயன்றால் ஜனவரியில் போங்கள். பனி அகற்றப்படாத சாலை எது என்பது அப்போதுதான் தெரியும்.