பரணிலிருந்து இறங்கும் படத்தைத் துடைக்காதீர்கள்

வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பரணிலிருந்து இறங்கிய குடும்பப் படத்தை ஈரத்துணியால் துடைத்தவன் நான். கண்ணாடி ஓரத்தில் விரிசல் இருந்ததைக் கவனிக்கவில்லை. கொள்ளுப்பாட்டியின் சேலைக் கரையிலிருந்த பொன்னிறம் கரைந்து வழிந்துவிட்டது. கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் வண்ணம் தீட்டித் தருவது அந்தக்கால ஸ்டூடியோக்களில் சகஜம். அந்த வண்ணம் பெரும்பாலும் தண்ணீர் தாங்காது. உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் உரிக்கவே கூடாது. மேல்பூச்சான ஜெலட்டின் ஈரக்காற்றில் இளகி ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன், செல்லோ டேப், பின்பக்கம் பால்பாயின்ட் பேனா, மூன்றும் வேண்டாம். எழுதுவதற்கு மென்மையான பென்சில்.

படத்தின் சட்டத்தை (ஃப்ரேம்) மாற்றும்போது பழைய அட்டையைத் தூக்கிப்போடுகிறோம். ஸ்டூடியோ பெயரும் ஊரும் அதில்தான் இருக்கும். உள்ளே வைத்த செய்தித்தாளில் தேதி கிடைத்தால் சந்தோஷம்தான், ஆனால் அது சட்டம் போட்ட காலத்தைத்தான் காட்டும். படம் அதற்குப் பல வருஷம் முந்தியதாக இருக்கலாம்.

வருஷக் கணக்கில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பழுப்பாக இருந்தாலே நூற்றாண்டுப் படம் என்கிறார்கள். பழுப்பு நிறம் ஏற்றிப் பிரதி போடுவது 1940களிலும் இருந்தது. படத்தின் பின்னால் ‘தாது வருஷம், தை’ என்றிருந்தால்? தமிழ் வருஷங்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். பெரும் பஞ்சம் வந்த 1876-77ம் தாது, 1936-37ம் தாது. மடியில் இருக்கும் குழந்தை யார், எப்போது பிறந்தது என்று பார்த்தால் எந்தத் தாது என்று தெரிந்துவிடும். பெயரிலும் இதே சிக்கல் உண்டு: தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊர் இது. ‘சுப்பையா’ என்றால் எந்தச் சுப்பையா?

கோட்டு, கைக்கடிகாரம் எல்லாம் பார்த்துத் தாத்தாவை ஜமீன்தார் ஆக்கிவிடாதீர்கள். பல ஸ்டூடியோக்களில் அவை இரவல் கிடைத்தன. தூணும் மாடிப்படியும் பின்னால் தொங்கிய திரைச்சீலையில் வரைந்தவை. ஒரே திரை வேறு வீட்டுப் படத்திலும் வந்தால் ஸ்டூடியோவைக் கண்டுபிடிக்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அப்புறம், பெரியவர்களிடம் கேட்கும் விதம். “இது சின்னத் தாத்தாதானே?” என்று நாமே எடுத்துக் கொடுத்தால் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். எங்கள் படத்தின் பின்னால் ‘சுப்பையா, சம்சாரம், மக்கள்’ என்று மட்டும் இருந்தது. பெண்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. மூத்த அத்தை கையில் படத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். முகங்களையெல்லாம் விட்டுவிட்டு, ஓரமாக நின்ற பெண்ணின் கழுத்தில் விரலை வைத்தார். “இந்த அட்டிகை எங்க பெரியம்மாளோடதுடா. ரெண்டாவது பிரசவத்துல போயிட்டா. அதுக்கப்புறம் அதை யாரும் போட்டுக்கல.”