மதுரைச் சுங்குடிக் கடையின் இணையதளம் கூகுளில் தெரிய என்ன செய்ய வேண்டும்?

தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடை இருக்கிறது, அதற்கு ஓர் இணையதளமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைப் பெயரைத் தேடினால் தளம் வருகிறது. ‘மதுரை சுங்குடி சேலை’ என்று தேடினால் வருவதில்லை. கடைப் பெயர் தெரிந்தவர் எப்படியும் வந்துவிடுவார். பெயர் தெரியாதவரை வரவழைக்கத்தான் எஸ்.இ.ஓ., அதாவது தேடுபொறியில் தளம் தெரியும்படி செய்யும் வேலை. இதைக் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். முதல் வேலையில் கோளாறு இருந்தால் பின்னால் செய்வது எதுவும் பலிக்காது.

1. கூகுள் தளத்தைப் பார்த்திருக்கிறதா?

கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ (site) என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் பெயரை (தளத்தின் முகவரியை) அடியுங்கள். பக்கங்கள் வந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். ஒன்றுமே வராவிட்டால், தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் இருக்கும்பட்சத்தில், செட்டிங்ஸில் ‘ரீடிங்’ பகுதியைத் திறந்து பாருங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் அங்கே இருக்கும். தளத்தைக் கட்டும்போது அதை டிக் செய்துவிட்டு, முடித்த பிறகு எடுக்க மறந்துவிடுவது மிகச் சாதாரணம். தேடுபொறிகள் எங்கே வரலாம், வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் ‘டிஸ்அலவ்’ என்ற சொல்லுக்குப் பின் ஒரே ஒரு சாய்கோடு மட்டும் இருந்தாலும் மொத்தத் தளத்துக்கும் கதவு அடைத்ததாகத்தான் அர்த்தம்.

2. சர்ச் கன்சோல்

உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்ட, கூகுள் இலவசமாகத் தரும் கருவி இது. இதை உங்கள் ஜிமெயிலில் தொடங்குங்கள், தளம் செய்து கொடுத்தவரின் ஜிமெயிலில் வேண்டாம். அவரோடு தொடர்பு விட்டுப்போனால் கணக்கும் போய்விடும். டொமைனும் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

‘டொமைன்’ வகையைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீளமான குறியீடு தருவார்கள். அதை டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் (டொமைன் அமைப்புகள்) பகுதியில் ‘டிஎக்ஸ்டி’ பதிவாகச் சேர்க்க வேண்டும். பிறகு தளத்துப் பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பின் முகவரியைக் கொடுங்கள். 2020இல் வந்த 5.5 பதிப்பு முதல் வேர்ட்பிரஸ் சைட்மேப்பைத் தானாகவே உருவாக்கிவிடுகிறது. புதிய பக்கம் போட்டால் ‘யுஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன்’ வழியாக, அதைத் தேடலில் சேர்க்கும்படி ஒருமுறை கோரிக்கை வையுங்கள், போதும். திரும்பத் திரும்ப அழுத்தினால் வேகம் கூடாது. சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும்.

3. வாடிக்கையாளர் வாயில் வரும் சொல்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு வாரம் கடைக்கு வரும் போன், வாட்ஸ்அப் கேள்விகளை வந்த வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘இது கையால கட்டுனதா, பிரிண்டா?’, ‘துவைச்சா சாயம் போகுமா?’, ‘பிளவுஸ் இருக்கா?’, ‘எத்தனை மீட்டர்?’ இப்படித்தான் கேட்பார்கள். இதையேதான் கூகுளிலும் அடிக்கிறார்கள். ‘பாரம்பரியமும் நவீனமும் கைகோக்கும் ஆடையகம்’ என்று யாரும் தேடுவதில்லை.

ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் என்று பிரியுங்கள். கையால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடிக்கு ஒரு பக்கம், பிரிண்ட் சுங்குடிக்கு இன்னொன்று, முதல் சலவைக்குத் தனியாக ஒன்று. இரண்டு வகையையும் எப்படி அடையாளம் காண்பது, விலை ஏன் மாறுகிறது என்று பக்கத்திலேயே சொல்லுங்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதும் அந்தப் பக்கத்துக்குரிய தகவல்தான். சேலை, சாரி, புடவை மூன்றும் இயல்பாக வரட்டும். ஆனால் ஒரே சொல்லை வரிக்கு வரி திணித்தால் அது கூகுள் விதிப்படி குற்றம், படிப்பவருக்கும் எரிச்சல்.

4. தலைப்பு

பல தளங்களின் முகப்புத் தலைப்பு ‘ஹோம்’ என்றே கிடக்கிறது. தேடல் முடிவில் நீல எழுத்தில் வருவது பெரும்பாலும் இந்தத் தலைப்புதான். ‘மதுரை கட்டுச் சுங்குடிச் சேலை: விலை, நிறங்கள்’ என்று எழுதி, கடைசியில் கடைப் பெயரைப் போடுங்கள். நீண்டால் போன் திரையில் வெட்டுப்படும், எனவே முக்கியச் சொல் முன்னால் வரட்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும். தேடல் சொற்களைப் பட்டியலிடும், பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கீவேர்ட்ஸ் மெட்டா டேகை நிரப்ப நேரம் செலவழிக்காதீர்கள். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது.

5. எழுத்துரு

தமிழ்த் தளங்களுக்கே உரிய கோளாறு இது. அச்சகத்தில் நோட்டீஸுக்கு அடித்த பாமினி என்ற பழைய எழுத்துருவை அப்படியே தளத்தில் ஒட்டினால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கூகுளுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். சோதிக்க, ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் அது எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து, சிதைந்தால் மாற்றியாக வேண்டும். விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போடுவதும் ஏறக்குறைய இதே தவறு. விலை, அளவு, முகவரி மூன்றும் எழுத்தாக இருக்கட்டும்.

6. படங்கள்

போனில் எடுத்த படம் 3 முதல் 5 எம்பி வரை இருக்கும். பத்துப் படம் போட்டால் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, படத்தின் எடையைக் குறைக்கும் வெப்பி வடிவில் சேமித்தால் 200 கேபிக்குள் அடங்கும். படத்தை எழுத்தில் விவரிக்கும் ஆல்ட் பகுதியில் ‘அரக்கு நிறக் கட்டுச் சுங்குடிச் சேலை’ என்று இருப்பதைச் சொல்லுங்கள். பக்க வேகத்தைச் சோதிக்கும் கூகுள் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் பகுதியைப் பாருங்கள். எல்சிபி (பக்கத்தின் பெரிய பகுதி திரையில் தெரிய ஆகும் நேரம்) 2.5 வினாடிக்குள் வந்தால் நல்லது.

7. மேப்பில் கடை

மேப்பில் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலும் இலவசம்தான். பெயர்ப்பலகையில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள். ‘மதுரை பெஸ்ட் சுங்குடி’ என்று வால் சேர்த்தால் புரொஃபைல் முடக்கப்படலாம். மாசி வீதிச் சந்துகளில், மேப்பில் கடையைக் குறிக்கும் ‘பின்’ அடுத்த தெருவில் விழுந்துவிடுவது உண்டு. வாசலில் நின்று சரிபாருங்கள். தளத்திலும் மேப்பிலும் முகவரி, போன் எண் ஒன்றாகவே இருக்கட்டும். சித்திரைத் திருவிழா, தீபாவளி நாட்களின் நேரத்தைத் தனியாகக் குறியுங்கள். பூட்டிய கடைக்கு வந்து திரும்பியவர் ஒற்றை நட்சத்திரம் போட்டால் அதில் நியாயம் உண்டு. தள்ளுபடி தந்து ரிவ்யூ வாங்காதீர்கள், அது விதிமீறல்.

திருமங்கலத்திலிருந்து தேடுபவருக்கு அங்குள்ள கடை முன்னால் வந்தால் பதற வேண்டாம். தூரமும் ஒரு கணக்கு. அதைக் காட்டி, ‘முதல் இடத்துக்கு உத்தரவாதம்’ என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

மூன்று மாதம் கழித்து சர்ச் கன்சோலில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியைத் திறங்கள். நிறையப் பேர் பார்த்தும் யாரும் அழுத்தாத தேடல் இருந்தால் தலைப்பை மாற்றுங்கள். எட்டிலிருந்து இருபதாவது இடத்துக்குள் நிற்கும் தேடல் இருந்தால், அதற்கான பக்கத்தில் எந்தக் கேள்விக்கு விடை விட்டுப்போயிருக்கிறது என்று அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள்.