மந்திரக் கதையைக் காதால் கேட்பது எப்படி?

மியான்மரின் யாங்கூனில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. அதனால் கரண்ட் இருக்கும்போதே நாவலின் ஒலிப்புத்தகம் முழுவதையும் போனில் இறக்கி வைத்துவிடுங்கள்.

மாயமும் காதலும் கலந்த நாவலில் முதல் ஒரு மணி நேரம்தான் கஷ்டம். புது உலகம், வாயில் நுழையாத பெயர்கள். ஒரு சின்ன நோட்டில் பெயரைக் காதில் விழுந்தபடியே தமிழில் எழுதுங்கள். பக்கத்தில் "பச்சைக் கண், அக்காமேல் கோபம்" என்று ஓர் அடையாளம். மந்திரம் போடுகிறவர் எதை இழக்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆயுசா, நினைவா, குரலா? காதல் பெரும்பாலும் அங்கேதான் வந்து சிக்கும்.

நான் நகரைச் சுற்றிவரும் ரயிலில் கேட்பேன். சுமார் 46 கிலோமீட்டர் பாதை, அவசரமே இல்லை. டன்யிங்கோன் சந்தையில் காய்கறிக் கூடைகள் ஏறும்போது மட்டும் நிறுத்திவிடுவேன். அந்தச் சத்தத்தில் ஒன்றும் காதில் ஏறாது.

சண்டைக் காட்சிகளை 1.25 வேகத்தில் ஓட்டலாம், சரி. காதல் பேச்சை வேகமாக ஓட்டவே ஓட்டாதீர்கள். நாயகி பதில் சொல்லுமுன் வாசிப்பவர் ஒரு மூச்சு விடுவாரே, அது அச்சுப் புத்தகத்தில் கிடைக்காது.

ராத்திரி படுத்துக் கேட்டால் 15 நிமிடத்தில் தானே நிற்கும்படி டைமர் வையுங்கள். அப்புறம் தூங்கிப்போனாலும் விட்ட இடத்தைக் காலையில் சுலபமாகப் பிடித்துவிடலாம்.