தோப்பு வீட்டில் விருந்தினர்: பருவம் பார்க்காமல் செய்கிற தவறுகள்

பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை பக்கம் தென்னந்தோப்புக்குள் இரண்டு அறை கட்டி, விடுமுறைக்கு வருகிறவர்களைத் தங்க வைக்கும் குடும்பங்கள் இப்போது நிறைய. ஆழியாறு, டாப்சிலிப், வால்பாறை என்று சுற்ற வருகிறவர்களுக்கு லாட்ஜைவிடத் தோட்டத்துச் சாளை, அதாவது தோப்பு வீடு, பிடித்துப்போகிறது. தேங்காய் விலை படுத்துக்கொள்ளும் மாதங்களில் குடும்பத்துக்கும் கையில் நாலு காசு புழங்குகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வருகிறவர்கள் பள்ளி விடுமுறையைப் பார்த்து வருகிறார்கள். தோட்டமோ மழையையும் காற்றையும் பார்த்து நடக்கிறது. இரண்டும் ஒத்துப்போகும் மாதங்கள் ரொம்பக் குறைவு. விடுமுறைக்குத் தக்கபடி தோட்டத்தை வளைக்கப் பார்க்கும்போதுதான் தவறுகள் தொடங்குகின்றன.

கோடையில்

சித்திரை, வைகாசியில் ஊரே கிளம்பி வருகிறது. தோட்டத்தில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போவதும் அப்போதுதான். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்குச் சுமார் 70 மரம். சொட்டு நீர் போட்டாலும் கோடையில் ஒரு மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டராவது வேண்டும். ஆக, ஏக்கருக்கு 4,500 லிட்டர். இரண்டு அறையில் எட்டுப் பேர் தங்கி, ஆளுக்கு 150 லிட்டர் புழங்கினால் 1,200 லிட்டர், அதாவது 18 மரத்தின் தண்ணீர். அது பரவாயில்லை, வருமானம் வருகிறது, சமாளிக்கலாம். ஆனால் அதற்கு மேல் குழந்தைகள் விளையாட நீச்சல் தொட்டி கட்டி, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவது என்று இறங்கினால், அந்த இழப்பு இந்த வருடக் கணக்கில் தெரியவே தெரியாது. பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். பாளை குருத்துக்குள் உருவாவது அதற்கும் வெகு முன்னால். எனவே இந்தக் கோடையில் காய்ந்த மரம் அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் குரும்பை உதிர்த்துக் காட்டும். அறை வாடகையில் லாபம் என்று நினைத்தது அங்கே போய்க் கழியும்.

"கேட்கிறபோதெல்லாம் இளநீர்" என்று விளம்பரத்தில் போடுவதும் அப்படித்தான். ஆறு, ஏழு மாதக் காயை இளநீருக்கு வெட்டினால் அந்தக் குலையில் தேங்காய் இல்லை. கோடையில்தான் இளநீருக்கு நல்ல விலையும் கிடைக்கும். வீட்டருகே நாலைந்து குட்டை ரகம் நட்டு, விருந்தினருக்கு அதில் மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. குழந்தைகள் தரையில் நின்று பார்க்கும் உயரத்திலேயே காய்க்கும், வெட்டவும் ஆள் தேட வேண்டாம்.

சுருள் வெள்ளை ஈ இங்கே எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. 2016-இல் இந்தப் பக்கத்துத் தென்னைகளில்தான் முதலில் கவனத்துக்கு வந்தது. ஓலைக்கு அடியில் இருந்து சாறு உறிஞ்சி, ஒட்டும் திரவத்தைக் கீழே விடும். அதன்மேல் கரும்பூஞ்சணம் படர்ந்து, கீழிருக்கும் வாழை, கொய்யா, விருந்தினரின் கார் எல்லாம் கறுத்துப்போகும். வெயில் காலத்தில் அதிகம், மழை விழுந்தால் குறையும். ஆக, சீசன் நேரத்தில்தான் தோப்பு பார்க்க மோசமாக இருக்கும். உடனே சிலர் விருந்தினர் வருமுன் மருந்து அடித்துவிடுகிறார்கள். இந்த ஈயை அடக்குவதே என்கார்சியா என்கிற ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவிதான். பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது அது. ஈ மறுபடி பெருகும், தடுக்க ஆள் இருக்காது. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டலாம், ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சலாம். விருந்தினரிடம் இது என்ன என்று சொல்லிவிடலாம். நகரத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் குளவிக் கதை ரொம்பப் பிடிக்கும், சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் தொட்டிக் குளியல். பம்புசெட்டில் தண்ணீர் கொட்ட அதன்கீழ் நின்று குளிப்பது எல்லோருக்கும் ஆசை, மறுக்க முடியாது. ஆனால் ஈரத் தரை, பழைய ஸ்டார்ட்டர் பெட்டி, டேப் சுற்றிய ஒயர், எல்லாம் பத்தடிக்குள் இருக்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்து, மின்கசிவில் தானே அணைந்துவிடும் பிரேக்கரைப் போடாமல் ஒருவரையும் தொட்டியில் இறக்காதீர்கள். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லையென்றால் முதல் விருந்தினர் வருமுன் அதைக் கட்டிவிட வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்குக் கிணறு எங்கே என்று தெரியும். ஊரிலிருந்து வந்த பிள்ளைக்குத் தெரியாது, பந்தைத் துரத்திக்கொண்டே ஓடும்.

காற்றும் மழையும்

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பதை மற்ற ஊர்க்காரர்கள் பழமொழியாகச் சொல்லலாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரில் இருக்கும் நமக்கு அது வானிலை அறிக்கை. ஆனி, ஆடியில் சாரலும் காற்றும் சேர்ந்து வரும்போது முற்றிய காயும் பழுத்த மட்டையும் எப்போது விழும் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, இரண்டு தென்னைக்கு நடுவே வலைத்தூளி கட்டி, அதில் படுத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்வது இங்கே எல்லாத் தோட்டத்திலும் நடக்கிறது! உரிக்காத ஒரு காய் ஒன்றரைக் கிலோ இருக்கும். அது ஐம்பது அடி உயரத்திலிருந்து இறங்கினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே வேண்டாம். தூளியை வேப்பமரத்திலோ புளியமரத்திலோ கட்டுங்கள். கார் நிறுத்தும் இடம், சாப்பாட்டு மேசை, அறைக்குப் போகும் நடைபாதை மூன்றும் தென்னைக்கு அடியில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு வழியில்லை என்றால் அந்தச் சில மரங்களில் மட்டும் காயையும் காய்ந்த மட்டையையும் முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். வெட்டு 45 நாளுக்கு ஒருமுறை எப்படியும் நடக்கிறது. விருந்தினர் வந்திருக்கும் சனிக்கிழமை காலையில் வெட்டு ஆட்களை வரச் சொல்லாமல் இருந்தால் போதும்.

மழைக்காலத்தில் டென்ட் போட்டுத் தரையில் படுக்க வைப்பது இன்னொரு மோகம். இந்தப் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் தூங்குகிறவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். வலி அதிகம் இருக்காது, வீக்கமும் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகும். விடியற்காலை வயிற்று வலி, கண் இமை தொங்குவது என்று ஆரம்பிக்கும்போது சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடுவார்கள். கட்டிலும் கொசுவலையும் கொடுங்கள். உரித்த மட்டைக் குவியலையும் விறகையும் அறைக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள், எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையோ காலோ அசையாமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் மருந்து ஒன்றுதான். அதனால் பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை.

கொட்டாங்குச்சியைத் தோப்பில் வாய் மேலே பார்க்கப் போட்டு வைத்தால் மழைத் தண்ணீர் நின்று டெங்குக் கொசு வளரும். இளநீர் குடித்த மட்டையும் அப்படித்தான். இளநீர் அதிகம் போகும் இடம் நம்முடையது என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

மலையடிவாரத்தில் இருப்பவர்கள் பலாவையும் யோசிக்க வேண்டும். பழுத்த பலாவை "விருந்தாளிகள் பார்க்கட்டும்" என்று மரத்திலேயே விட்டால் வாசனைக்கு முதலில் வருவது யானை. வந்தபின் டார்ச் அடித்துப் படம் எடுக்க ஓடுகிறவர்களைத் தடுப்பது உங்களால் முடியாத காரியம். பழுக்குமுன் இறக்கிவிடுங்கள். ராத்திரி ஒலிபெருக்கிக்கும் கேம்ப் ஃபயருக்கும் முதல் நாளே இல்லை என்று சொல்லிவிடுங்கள். பன்றிக்கு வேலி என்று நேரடி மின்சாரம் விடுவது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். விருந்தினர் நடமாடும் தோட்டத்தில் அது எங்கே போய் முடியும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

தைப்பொங்கல்

நம் பக்கத்துப் பொங்கலைப் பார்க்கவே வருகிறார்கள். காப்புக் கட்டும் அன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ செருகுவது, மாட்டுப் பொங்கலன்று மாட்டுப் பட்டியில் தெப்பக்குளம் என்று சின்னக் குட்டை கட்டி மாடுகளை மிதிக்க விடுவது, அடுத்த நாள் பூப்பறிக்கப் போவது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு மாட்டுக்கு நடக்கிற கொடுமையை யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு விருந்தினரும் ஆளுக்கு ஒரு இலை பொங்கலை எடுத்துப் போய் ஊட்டுகிறார்கள். மாட்டின் வயிறு வைக்கோலுக்கும் பச்சைக்கும் பழகியது. சோறும் வெல்லமும் பழமும் திடீரென்று நிறையப் போனால் வயிற்றில் அமிலம் கூடி, உப்பி, அசை போடுவது நின்றுவிடும். கவனிக்கத் தாமதமானால் மாடு பிழைக்காது. சாமி கும்பிட்டு ஒரு பிடி கொடுப்பது வேறு, அதோடு நிறுத்திவிட வேண்டும். குழந்தைகள் ஊட்ட ஆசைப்பட்டால் அகத்திக்கீரைக் கட்டு ஒன்றை வாங்கி வையுங்கள். மாடு அசை போடாமல் நின்றால் 1962-க்குக் கூப்பிடலாம், கால்நடை ஆம்புலன்ஸ் அது. கன்று ஈன்று சில நாளே ஆன மாட்டை மட்டும் தனியாகக் கட்டிவிடுங்கள், எவ்வளவு சாதுவான மாடும் அப்போது முட்டும்.

பட்டிப் பொங்கல் உங்கள் குடும்பத்துச் சடங்கு. விருந்தினர் ஓரமாக நின்று பார்க்கலாம். கேமராவுக்காக மாட்டை இரண்டாம் முறை ஓட்டச் சொன்னால் முடியாது என்று சொல்லலாம், தப்பே இல்லை.

காகிதங்கள்

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தில் விருந்தினர் அறை ஏசியை ஓட்டினால் அபராதம் வரும், அறைகளுக்குத் தனி இணைப்பு வாங்குங்கள். சாப்பாடு போட்டுக் காசு வாங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த சொந்தக்காரரானாலும் அவர் கையில் இருப்பது வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் அதேதான்.

வீட்டு ஆட்கள்

மற்றதெல்லாம் காசு செலவழித்தால் சரியாகிவிடும். இது அப்படியில்லை.

"அம்மிச்சி கைச் சமையல்" என்று பலகை எழுதி வைக்கிறார்கள். அம்மிச்சிக்கு, அதாவது வீட்டுப் பாட்டிக்கு, வயது எழுபது தாண்டியிருக்கும். ஐந்தரைக்கு எழுந்து சந்தகை (இடியாப்பம்) பிழியச் சொன்னால் முதல் வாரம் சந்தோஷமாகத்தான் செய்வார், மே மாதக் கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போனில் பேசி புக்கிங் எடுப்பது வீட்டு ஆம்பளை, பணம் அவர் கணக்கில். அடுப்படியில் நிற்பது மருமகள். இந்த ஏற்பாடு இரண்டு சீசன் தாங்கினால் பெரிய விஷயம். சாப்பாட்டுக்கு வாங்கும் பணத்தைத் தனியாகப் பிரித்து, சமைக்கிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். எத்தனை பேருக்குச் சமைக்க முடியும், எந்த நாளில் முடியாது என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். புக்கிங் எடுக்குமுன் அடுப்படியில் ஒரு வார்த்தை கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

கோபி மஞ்சூரியன், ஃப்ரைட் ரைஸ் என்று ஓட்டல் பட்டியலை அச்சடிப்பதும் வேண்டாத வேலை. அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளுப் பருப்பு, ராகிக் களி என்று நம் வீட்டில் அன்றாடம் ஆவதைச் சாப்பிடத்தான் அவர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள். தையில் மொச்சையும் அவரையும், கோடையில் நுங்கும் மாங்காயும், ஆடியில் நாவல்பழம் என்று அந்தந்த மாதம் கிடைப்பதைக் கொடுத்தால் சமைப்பதும் சுலபம். அதேபோல ஆடிச் சாரலில் எடுத்த பச்சைப் படத்தை வைத்து ஏப்ரலில் ஆள் கூப்பிடாதீர்கள். வந்து பார்த்துவிட்டு முகம் சுளிப்பார்கள், அந்த முகத்தை மூன்று நாள் பார்க்கப்போவது நீங்கள்தான்.

பிள்ளைகள் விஷயத்திலும் கணக்கு தவறுகிறது. சீசனில் கூட்டம் அதிகமானால் மகளின் அறையைக் கொடுத்துவிட்டு அவளை ஹாலில் படுக்கச் சொல்வது, விருந்தினர் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக மகனை நாளெல்லாம் அனுப்புவது. அவர்களுக்கும் அதே விடுமுறைதானே? அவர்களுடைய அறை எப்போதும் அவர்களுடையதாக இருக்கட்டும். கூடப் போய்த் தோட்டம் சுற்றிக்காட்ட விருப்பமிருந்தால் போகட்டும், அதற்குக் கைச்செலவுக்குக் கொடுங்கள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் மார்ச், ஏப்ரலில் தேர்வு முடியும்வரை புக்கிங்கே வேண்டாம்.

அப்புறம் நம் ஊர் உறவுமுறை. காதுகுத்து, சீர், குலதெய்வப் பொங்கல், எழவு என்று மாதத்துக்கு ஒன்று வரும், அதில் பாதிக்குக் கணவன் மனைவி இரண்டு பேரும் போயே ஆக வேண்டும். முன்கூட்டியே தெரிந்தவற்றைக் காலண்டரில் வட்டம் போட்டு அடைத்துவிடலாம். தெரியாமல் வருவதற்கு, பக்கத்துத் தோட்டத்தில் இதே தொழில் செய்கிற ஒரு வீட்டோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் துக்கம் என்றால் நம் விருந்தினரை அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர்களுக்கு ஒன்று என்றால் நாம். வாடகை யாருக்கு, சாப்பாட்டுக் காசு யாருக்கு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் பங்காளிச் சண்டையாகிவிடும்.