ஏற்றத் தெரிந்தால் போதாது: இகேஎஸ் மேல் ஜூபிட்டர்ஹப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேட்டா சயன்ஸ் டீமுக்கு ஜூபிட்டர்ஹப் (பலரும் பிரவுசரிலேயே நோட்புக் திறந்து வேலை செய்ய வைக்கும் சர்வர்) போட்டுக்கொடுக்கும் வேலையைப் புதிதாக எடுப்பவர்கள் எல்லோரும், யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, அதே வரிசையில் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கிய இடங்கள் என்பதால் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. பாஸ்வேர்டை கிட்டில் போடாதீர்கள், பேக்கப் எடுங்கள் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த சங்கதிகளை இங்கே எழுதப்போவதில்லை. அமேசானின் இகேஎஸ் (அமேசான் பார்த்துக்கொள்ளும் குபர்னெட்டீஸ்) மேல், ஜீரோ டு ஜூபிட்டர்ஹப் ஹெல்ம் சார்ட்டை (தயார் நிறுவல் தொகுப்பு) வைத்து ஏற்றுவதைப் பற்றித்தான் பேச்சு. கூகுள், அஷ்யூர் பக்கம் இருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

ஜிபியூ நோட் இறங்குகிறதா என்று பார்க்காமல் விடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். டெமோ அன்று நாலு பேர் லாகின் செய்வார்கள், தேவைக்கேற்ப மெஷின்களைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோஸ்கேலர் புது நோடைக் (கிளஸ்டரில் ஒரு மெஷின்) கொண்டுவரும், எல்லோருக்கும் சந்தோஷம். ராத்திரி அந்த நோட் போனதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸ்காரர்தான் பார்க்கிறார்.

ஜி4டிஎன் எக்ஸ்லார்ஜ் என்பது ஒரே ஒரு டி4 ஜிபியூ உள்ள சின்ன மெஷின். வட வர்ஜீனியாவில் ஆன்-டிமாண்ட் விலை மணிக்கு 0.526 டாலர். சும்மா 30 நாள் ஓடினால் 379 டாலர் ஆகிறது. மும்பையில் இன்னும் கொஞ்சம் கூடும். இது ஒரு நோடுக்கு.

இப்படி பில் எகிறிப்போன ஒரு டீம் என்னைக் கூப்பிட்டது. ஜிபியூ நோட் குரூப்பின் குறைந்தபட்ச நோட் எண்ணிக்கையை 0 என்றுதான் வைத்திருந்தார்கள், அதில் தப்பு இல்லை. நோடை டிஸ்கிரைப் செய்து பார்த்தோம். கடைசியில் வரும் ஒதுக்கீட்டுப் பட்டியலில் என்விடியா ஜிபியூ என்ற வரிக்கு நேரே 0. அதாவது ஜிபியூவை யாருமே கேட்கவில்லை. கொஞ்சம் மேலே பாட் (நோடில் ஓடும் கண்டெய்னர்) பட்டியலில், எல்லா நோடிலும் இருக்கும் டீமன்செட்டுகளைக் கழித்துவிட்டால் மிச்சம் ஒரே ஒரு யூசர் பாட், அதாவது ஒருவரின் நோட்புக் சர்வர். ஒரு இன்டர்ன் பாண்டாஸில் ஏதோ சிஎஸ்வி திறந்து வைத்திருக்கிறார். அவருக்கு ஜிபியூ என்று ஒன்று இருப்பதே தெரியாது, பாவம்.

நடந்தது இதுதான். யாரோ ஒருவர் மாடல் டிரெயின் செய்ய ஜிபியூ நோட் வந்தது. அந்த நேரத்தில் இன்டர்ன் லாகின் செய்தார், ஷெட்யூலர் காலி இடம் பார்த்து அவரை அங்கே உட்கார வைத்தது. டிரெயினிங் முடிந்து அதை ஓட்டியவர் போய்விட்டார், இன்டர்ன் போகவில்லை. ஜிபியூ நோடில் டெயின்ட் (மற்ற பாட்கள் இங்கே வராதே என்ற தடை) போட்டிருந்தால் இவர் அங்கே போயிருக்கவே மாட்டார். கூகுளின் ஜிகேஇ சாதாரண நோட்கள் உள்ள கிளஸ்டரில் ஜிபியூ பூல் சேர்த்தால் தானாகவே டெயின்ட் போட்டுவிடும். இகேஎஸ் போடாது, நோட் குரூப்பில் நாம்தான் போட வேண்டும், ஹப்பின் ஜிபியூ புரொஃபைலில் அதற்கான டாலரேஷனையும் (அந்தத் தடையைத் தாண்ட அனுமதி) எழுத வேண்டும். கூகுளில் பழகி வந்தவர்கள் சரியாக இதில்தான் மாட்டுகிறார்கள்.

சரி, ஆட்டோஸ்கேலர் அவரை வேறு நோடுக்கு நகர்த்தியிருக்கலாமே? நகர்த்தாது. ஹப் உருவாக்கும் யூசர் பாட்களுக்குப் பின்னால் டிப்ளாய்மென்ட் மாதிரி எந்தக் கண்ட்ரோலரும் கிடையாது, வெளியேற்றினால் திரும்ப உருவாக்க ஆள் இல்லை. அதனால் அப்படி ஒரு பாட் இருக்கிற நோடை ஆட்டோஸ்கேலர் தொடவே தொடாது. சார்ட்டோடு வரும் யூசர் ஷெட்யூலரும் இதற்காகத்தான் இருக்கிறது: ஷேர் ஆட்டோக்காரர் மாதிரி ஒரு நோடை நிரப்பிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும், சாயங்காலம் சில நோட்களாவது முழுசாகக் காலியாகும். அதை அணைத்துவிட்டு டிஃபால்ட் ஷெட்யூலரே போதும் என்பவர்களிடம், ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது.

இன்னொன்று, சும்மா இருக்கிற சர்வரை மூடும் கல்லர். சார்ட்டில் அது 3600 நொடி அசைவில்லை என்றால் மூடும் என்றுதான் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆனால் லேப்டாப்பில் டேப் திறந்தே கிடந்து நோட்புக்கும் கெர்னலும் (கோடை ஓட்டும் புராசஸ்) பேசிக்கொண்டிருந்தால் ஹப்பின் கணக்கில் அதுவும் அசைவுதான். நம்ம இன்டர்னின் டேப் வெள்ளிக்கிழமையிலிருந்து திறந்தே கிடந்தது. இதற்கு நோட்புக் சர்வரின் உள்ளேயே கெர்னல் மேனேஜரில் காலக்கெடு வைத்து, டேப் இணைப்பில் இருந்தாலும் சும்மா கிடக்கும் கெர்னலை மூடு என்று சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை மூடும் அமைப்பை மட்டும் அணைத்தே வையுங்கள். கூடவே பயனர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஃபைல் இருக்கும், மெமரியில் இருந்த வேரியபிள் எல்லாம் போய்விடும். அதிகபட்ச வயது என்று கல்லரில் இன்னொரு அமைப்பு உண்டு, அது வேலை நடக்கிறதா என்று பார்க்காமல் அந்த வயதைத் தாண்டிய சர்வரை மூடிவிடும்.

ஆக, டெமோவுக்கு முந்தின நாள் ஒரு ஜிபியூ சர்வரைத் திறந்து மூடிவிட்டு காத்திருந்து பாருங்கள். தேவையில்லாத நோடை ஆட்டோஸ்கேலர் 10 நிமிடத்தில் இறக்க வேண்டும், அதுதான் டிஃபால்ட். இறக்கவில்லை என்றால் காரணத்தை அதன் லாகிலேயே பாட் பெயரோடு எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை.

காலையில் டைம்அவுட் வருகிறது என்று ஒரு நோடை நிரந்தரமாக ஓடவிடுவது

மேலே சொன்னதைச் சரிசெய்த கையோடு வருவது இது. முதலில் வருபவருக்குப் புது நோட் எழும்பி, அதில் பல ஜிபி கண்டெய்னர் இமேஜ் இறங்குவதற்குள் சர்வர் தொடங்க சார்ட் தரும் 300 நொடி தீர்ந்துவிடும். உடனே குறைந்தபட்சத்தை 1 ஆக்கிவிடுகிறார்கள். முதலில் இமேஜைக் குறையுங்கள். பைடார்ச்சையும் டென்சர்ஃப்ளோவையும் ஒரே இமேஜில் திணிக்க என்ன அவசியம்? சாதாரண பயனர்களுக்கு பிளேஸ்ஹோல்டர் பாட்களை (இடம்பிடித்து வைக்கும் வெற்றுப் பாட்கள்) வைத்தால் காலி இடம் முன்னமே தயாராக இருக்கும். ஜிபியூக்காரர்களுக்கு டைம்அவுட்டை நீட்டுங்கள், காத்திருக்கட்டும்.

யூசர் நோட்களை மூன்று சோனிலும் பரப்புவது

ஹை அவைலபிலிட்டி என்று படித்துவிட்டு மும்பை ரீஜனின் மூன்று சோனிலும் (தனித்தனி டேட்டா சென்டர் தொகுதிகள்) ஒரே நோட் குரூப்பை விரித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பயனரின் ஹோம் டைரக்டரியும் ஒரு இபிஎஸ் டிஸ்க் (அமேசானின் நெட்வொர்க் டிஸ்க்), அது பிறந்த சோனை விட்டு நகராது. நேற்று ஒரு சோனில் லாகின் செய்தவருக்கு இன்று வேறு சோனில்தான் நோட் இருக்கிறது என்றால் பாட் பெண்டிங்கிலேயே நிற்கும், ஈவென்ட்டில் வால்யூம் நோட் அஃபினிட்டி கான்ஃப்ளிக்ட் என்று வரும். முந்தின நாள் வேலை செய்தது இன்று செய்யவில்லை என்பதால் ஆட்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். யூசர் நோட்களை ஒரே சோனில் வையுங்கள், அல்லது சோனுக்கு ஒரு நோட் குரூப். எல்லோரையும் எந்தச் சோனிலிருந்தும் திறக்கக்கூடிய பகிர்வு ஸ்டோரேஜான இஎஃப்எஸ்ஸுக்கு மாற்றினாலும் தீரும், ஆனால் கோண்டா மாதிரி ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைத் தொடும் வேலை அதில் ஊர்ந்துதான் போகும்.

ஒரே பெரிய மெஷினில் ஐம்பது பேரை ஏற்றுவது

எம்5 வகை மெஷின்களில் டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் சேர்த்து 28 இணைப்புதான். ஆளுக்கு ஒரு டிஸ்க் என்பதால் ரேம் மிச்சம் இருக்கும், டிஸ்க் ஒட்டாது.

மெமரிக்கு லிமிட் வைக்காதது

சார்ட் ஒவ்வொருவருக்கும் 1 ஜிபி உத்தரவாதம் தருகிறது, உச்சவரம்பு எதுவும் வைப்பதில்லை. ஒருவர் பெரிய சிஎஸ்வியை மொத்தமாக ஏற்றினால் அதே நோடில் இருக்கும் மற்றவர்களின் வேலையும் சேர்ந்து போகும்.

டம்மி ஆதென்டிகேட்டர்

யார் எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே விடும் லாகின் முறை இது, சோதனைக்கு மட்டும். வெளியே திறந்த லோட் பேலன்சரோடு அதை விட்டுவைக்காதீர்கள்.

சுத்தம் செய்கிறேன் என்று நேம்ஸ்பேஸை அழிப்பது

ஹெல்ம் அன்இன்ஸ்டால் செய்தால் பயனர்களின் டிஸ்க் அப்படியே இருக்கும். அதனால் நேம்ஸ்பேஸை (கிளஸ்டருக்குள் ஹப் இருக்கும் தனிப் பகுதி) அழித்தாலும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இருக்காது, ரீக்ளெய்ம் பாலிசி (டிஸ்க்குக்கான கோரிக்கை அழிந்தால் டிஸ்க்கை என்ன செய்வது என்ற அமைப்பு) டெலீட் என்றிருந்தால் இபிஎஸ் டிஸ்க்கும் சேர்ந்தே போகும், டிஃபால்ட்டாக அப்படித்தான் இருக்கும். ரீடெய்ன் என்று மாற்றிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

பழைய பதிப்பிலேயே கிளஸ்டரை விட்டுவைப்பது

இகேஎஸ்ஸில் ஒரு குபர்னெட்டீஸ் பதிப்புக்கு 14 மாதம் சாதாரண ஆதரவு, அதுவரை கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலர். அதைத் தாண்டினால் 0.60. ஒன்றும் செய்யாமல் இருந்ததற்கு ஆறு மடங்கு. கண்ட்ரோல் பிளேனை (கிளஸ்டரை நிர்வகிக்கும் பகுதி) ஒரு மைனர் பதிப்புக்கு மேல் ஒரே தாவலில் ஏற்ற முடியாது, தள்ளிப்போட்டால் படிப்படியாகத்தான் வர வேண்டும். அப்புறம் நோட் குரூப்பை மாற்றும்போது அதில் ஓடும் யூசர் பாட்கள் வெளியேற்றப்படும், தானாகத் திரும்பி வராது; டிரெயினிங் ஓட்டுபவர்களிடம் தேதியைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.